நேத்து வரைக்கும் நல்ல நாய்தான்



இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் சம்பளத்தையும் கொழுந்து விலையையும் பற்றியவை. அவற்றை உள்ளே கடிதப் பகுதியில் போட்டிருக்கிறோம். ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து இந்தப் பக்கத்துக்கென்று வைத்துக்கொண்டேன். தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே, ரயில் சுற்றி வந்து தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து போகிறதே, அதற்கு அப்பால் இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். லயத்துக்குப் பின்னால் கொஞ்ச நிலத்தில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருக்கிறார். ராத்திரியில் பன்றி இறங்குகிறது. அதற்காகவே குட்டியிலிருந்து பழக்கி எடுத்த நாய் ஒன்று அவரிடம் இருக்கிறது. மிச்சத்தை அவர் எழுத்திலேயே தருகிறேன்:

“அஞ்சு வருசமா வச்சிருக்கேன் ஐயா. கான் ஓரமா பன்றி வாடை பட்டாலே ஒரு சத்தம் குடுக்கும். அந்தச் சத்தத்த வச்சே பெரிசா சின்னதான்னு சொல்லிருவேன். பொங்கலுக்கு முந்துன கிழமை ஒரு ராத்திரி தொரத்திக்கிட்டுப் போனது விடியத்தான் வந்துச்சு. அதுக்குப் பொறகு அது என் நாயே இல்ல. காட்டோரம் வந்தா வால இடுக்கிக்கிட்டுக் குந்திருது. கழுத்துல வார் மாட்டப் போனா உறுமுது, என்னையவே கடிக்க வருது. ரெண்டு நாளு சோறு போடாம பாத்தேன். அடிச்சும் பாத்தேன். அம்மா முனி அடிச்சிருக்குன்னு தண்ணி ஓதித் தெளிச்சுச்சு. வித்துறவா, இல்ல வெடி வச்சுறவா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் வேண்டாம். காரணம் தெரியாமல் விற்றால், கடிக்க வருகிற நாயை இன்னொரு வீட்டுப் பிள்ளைகளிடம் அனுப்புகிறோம். வெடி வைத்தால் காரணம் என்னவென்று எப்போதும் தெரியாது.

பழக்கிய நாய் திடீரென்று மாறினால் நம்மிடம் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். திமிர் ஏறிவிட்டது, பயந்துவிட்டது, முனி அடித்துவிட்டது. இவற்றைச் சொல்பவர்களில் ஒருவரும் நாயைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். முனியை நான் குறைத்துப் பேசவில்லை. ஸ்டோருக்குக் காவல் நிற்கும் ரோதைமுனிக்கு இருக்கிற வேலையில், ஒரு நாயைத் தேடிப்பிடித்து அடிக்க நேரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருஷம் ஒழுங்காக வேலை செய்த நாய் ஒரே ராத்திரியில் மாறினால், அந்த ராத்திரியில் ஏதோ நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் உடம்புக்குள் ஏதோ நடந்துகொண்டிருக்க வேண்டும். தம்பியின் கடிதத்தை நான்கைந்து முறை வாசித்தேன். அவர் கேட்கும் கேள்விக்கு உரிய பதிலில் முக்கால்வாசியை அவரே எழுதிவிட்டார் என்றுதான் படுகிறது. அதற்கு வருகிறேன்.

கழுத்தைத் தடவிப் பார், காதைத் தூக்கிப் பார் என்று சொல்வதற்கு முன்னால், கையை நாயிடமிருந்து தூரமாக வைக்கச் சொல்லும் ஒரு நோயைப் பற்றிப் பேசியாக வேண்டும். விசர்நாய் நோய் என்றதும் வாயில் நுரை தள்ள, கண்டவரையெல்லாம் கடிக்க ஓடிவரும் நாய்தான் நம் கண்ணில் நிற்கும். அந்த நிலைக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் உண்டு. அந்த நாட்களில் குணம் மாறியிருக்கிறது என்பதைத் தவிர வேறு அடையாளம் பெரிதாக இருக்காது. மடியில் ஏறிப் படுக்கும் நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். யாரையும் அண்டவிடாத நாய் வலிய வந்து கையை நக்கும். குரைப்பு உடைந்து வேறு குரலாகும். கல்லையும் குச்சியையும் கடிக்கும். இன்னொரு வகையில் ஆவேசமே இருக்காது. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் ஒரு மூலையில் படுத்துக் கிடக்கும்.

வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இந்த இரண்டாவது வகை. எலும்பு தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கை விட்டுத் தேடுவார்கள். நாய் கடித்திருக்காது. ஆனால் கவ்வாத்துக் கத்தியிலோ முள்ளிலோ பட்ட பழைய கீறல் விரலில் இருந்தால், எச்சிலுக்கு அந்த வழி போதும். தாடை தொங்கிய நாயின் வாய்க்குள் யாரும், எந்தக் காரணத்துக்கும், கை விடக் கூடாது. இந்த ஒரு வரியைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்.

காட்டுக்குப் போய்வரும் நாய்க்கு இந்த ஆபத்து கூடுதல். நம் நாட்டில் இந்நோயைப் பரப்புவது பெரும்பாலும் நாய்தான். ஆனாலும் நரியிலும் கீரியிலும் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கடிபட்ட நாளிலிருந்து அடையாளம் தெரிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அடையாளம் தெரிந்த பிறகு நாய் பத்து நாளைத் தாண்டுவது கிடையாது.

தம்பியின் கடிதத்தில் இருக்கும் தேதி பெப்ரவரி கடைசி. மாற்றம் தொடங்கியது பொங்கலுக்கு முன்னால். இன்றும் நாய் சோறு தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். விசர் நோய்தான் காரணமாக இருந்திருந்தால் இத்தனை நாள் அது உயிரோடு இருந்திருக்காது. ஆகவே அந்த ராத்திரி தொடங்கிய மாற்றத்துக்கு அது காரணமில்லை. ஆனால் அதே ராத்திரி ஏதாவது கடித்திருந்தால் நோய் இனிமேல்கூட வெளிப்படலாம். ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள் தம்பி. குட்டியில் ஒரு தடவை போட்டது ஐந்து வருஷத்துக்குத் தாங்காது. வருஷா வருஷம் போட வேண்டும். நம் பகுதிக்கு ஊசி போட வரும் நாளை பி.எச்.ஐ. காரியாலயத்தில் கேட்டால் சொல்வார்கள். அந்த நாளில் பிரட்டு இருக்கிறது, ஆள் இல்லை என்று விட்டுவிடுகிறோம்.

நாய் உங்களைக் கடித்திருந்தாலோ, கீறிய இடத்தில் எச்சில் பட்டிருந்தாலோ, பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பும் வேண்டாம், மிளகாய்த்தூளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம். மனிதருக்கு அடையாளம் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் இது. அடையாளம் வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஏறத்தாழ முழுமையாகவே தடுக்கக்கூடிய நோயும் இதுதான். 1973-இல் இலங்கையில் இந்நோயால் இறந்தவர்கள் 377 பேர். இப்போது அந்த எண்ணிக்கை இரட்டை இலக்கத்துக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது நாய்களுக்குப் போட்ட ஊசியும், கடிபட்டவருக்கு உடனே கிடைக்கும் மருந்தும்.

நீலகிரியில் குன்னூர் என்று ஒரு ஊர். அதுவும் நம் ஊரைப்போல் தேயிலை மலைதான். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் தென்னிந்தியாவில் இந்த நோய் வந்து இறந்தார். அப்போது சிகிச்சை கிடைத்த இடம் வடக்கே, சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கசௌலி. அவ்வளவு தூரம் போய்ச் சேர முடியவில்லை. அந்தச் சாவு கிளப்பிய பேச்சின் விளைவாக, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்திருந்த பணத்தின் உதவியோடு, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அந்தக் காலத்தில் மருந்துக்காக ஒரு துணைக்கண்டத்தைக் கடக்க வேண்டியிருந்தது. நமக்குப் பதுளைக்குப் போகும் பஸ் போதும்.

சரி, இனி அந்த நாய்க்கு வருவோம்.

தம்பி கொடுத்திருக்கும் தடயங்கள் இரண்டு. காட்டோரத்தில் குந்திவிடுகிறது. கழுத்தில் வார் மாட்டப் போனால் உறுமுகிறது. முதலாவதைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு ஆக வேண்டிய வேலை அது என்பதால். எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் குத்தியது. ஐந்து வருஷமாக வாரைப் பார்த்ததும் துள்ளிய நாய், இப்போது அதே வாருக்கு உறுமுகிறது. திமிர் பிடித்த நாய் என்றால் சோற்றுத் தட்டுக்கு உறுமியிருக்கும், பிள்ளைகளைப் பார்த்து உறுமியிருக்கும். இது கழுத்துக்கு மட்டும் உறுமுகிறது. கழுத்தில் வலி இருக்கிறதா என்று பார்த்தீர்களா தம்பி?

நான் மிருக வைத்தியன் இல்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு நோய் சொல்வதும் சரியில்லை. ஆனால் வைத்தியர்கள் இதைப் பற்றி என்ன கண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடைய குழுவினரும் 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குணக்கோளாறு என்று தங்களிடம் கொண்டுவரப்படும் பிராணிகளில், குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு உடம்பில் எங்காவது வலி இருக்கிறது, சில வைத்தியர்களிடம் அது 80 வீதம் வரை போகிறது என்கிறார்கள். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மில்ஸ் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, வேட்டைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. வெடிச் சத்தம், இடிச் சத்தம் என்றால் நடுங்கும் இருபது நாய்களைப் பார்த்தார்கள். பத்துக்கு மூட்டிலோ தசையிலோ வலி, மற்றப் பத்துக்கு வலி இல்லை. வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் தொடங்கிய வயது, மற்றவற்றைவிடச் சராசரியாக நாலு வருஷம் பிந்தியது. சத்தம் கேட்டதும் நாய் திடுக்கிட்டு உடம்பை இறுக்கும். இறுக்கும்போது புண்ணான மூட்டு வலிக்கும். அந்த வலியைச் சத்தம்தான் கொண்டுவந்தது என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு சத்தம் கேட்ட இடத்துக்கே வராது. குட்டியிலிருந்து வெடிக்குப் பழகிய நாய் ஆறு ஏழு வயதில் திடீரென்று வெடிக்குப் பயந்தால், முதலில் இடுப்பையும் முழங்காலையும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டிப்போட்டுப் பார்க்கக் கூடாது, கட்டிய நாய்க்குத் தப்பிக்க வழியில்லை என்பதால் கடிக்கத்தான் செய்யும். சோறு தின்று அசதியாக இருக்கும் நேரத்தில், பழகிய இரண்டு பேர், வாய்க்கு அகலமான துணிப்பட்டியால் ஒரு தளர்ந்த கட்டு. வலி இருக்கும் என்று நினைக்கும் இடத்தை முதலில் தொடாதீர்கள். முதுகிலிருந்து தொடங்கி, தொடை, கால், பாதத்து விரலிடுக்கு, பிறகு முன்னங்கால் அக்குள், நெஞ்சு என்று மெதுவாக வாருங்கள். நாய் கத்தாமலும் இருக்கலாம். மூச்சு ஒரு கணம் நிற்கும், அல்லது உதட்டை நக்கும், அல்லது தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும். அது திரும்பிப் பார்த்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அழுத்தாமல் மேலே போங்கள். காதை மோந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் உள்ளே புண். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், பன்றியைக் கவ்வும் நாயின் கோரைப்பல் வேரோடு பிளந்திருக்கலாம். முள்ளம்பன்றியோடு மோதிய நாய் என்றால் முகத்தில் நின்ற முட்களை அன்றைக்கே பிடுங்கியிருப்பீர்கள். முறிந்த நுனி ஒன்று உள்ளே தங்கி, மேல்தோல் ஆறி மூடிய பிறகு சீழ் கட்டும். வெளியே ஒன்றும் தெரியாது, நாய் மட்டும் வேறு நாயாக இருக்கும்.

கடைசியாகக் கழுத்து. மயிரைப் பின்னுக்குத் தள்ளி, விரலால் பிரித்துப் பிரித்துப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறதா? முடி கொட்டிய வளையமோ, கறுத்துத் தடித்த தழும்போ, ஈரமாக ஒட்டும் பிளவோ?

இதை ஏன் இவ்வளவு குறிப்பாகக் கேட்கிறேன் என்று நம் மலைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுருக்குக் கம்பி. பன்றிக்கென்று வேலியோரத்திலும் காட்டுப்பாதையிலும் கட்டி வைப்பது. அது பன்றிக்கு மட்டும் இறுகுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் லக்சபானைத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி ஒரு கம்பியில் கழுத்து மாட்டிக் கிடந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் இறந்துவிட்டது. நாட்டிலேயே அபூர்வமான ஒரு விலங்கு, ஒரு மரக்கறித் தோட்டத்துக்குக் கட்டிய கம்பியில் போனது. நாய்களுக்கு நேர்வதை யாரும் படம் பிடிப்பதில்லை. ராத்திரி முழுக்கச் சுருக்கில் மாட்டி, இழுத்து இழுத்துக் கம்பி அறுந்தோ கழன்றோ விடியும்போது வீடு வந்து சேர்ந்த நாய்க்கு, காட்டோரமும் கழுத்தில் மாட்டும் வாரும் எதைச் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். அது உங்களுக்கு உறுமவில்லை தம்பி. இறுகப் போகிற ஒன்றுக்கு உறுமுகிறது.

இப்படித்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. பன்றியின் பல் கிழித்திருக்கலாம். பக்கத்தில் ஹக்கபட்டாஸ் வெடித்திருக்கலாம், தீனிக்குள் வெடிமருந்து வைத்துப் பன்றியின் வாயைப் பிளக்கும் அந்தக் கொடுமை எங்கள் ஊர்ப் பக்கமும் இல்லாமல் இல்லை. சிறுத்தை துரத்தியிருக்கலாம், தேயிலை மலைகளில் அதன் இரையில் நாயும் உண்டு. எதுவானாலும், புண் இருந்தால் அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கழுத்துக்கு வார் வேண்டாம், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி வாங்குங்கள், அல்லது பழைய சீலைத் துணியில் தைத்துக்கொள்ளுங்கள். உறுமினதற்கு அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் பல் பதியும்.

புண் ஆறிய பிறகும் பயம் நிற்கலாம். இதற்கு உலகத்தில் பேர்போன சாட்சி ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள். மணியோசைக்கு எச்சில் ஊறிய கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். படிக்காத பாதி ஒன்று உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராத்தில் நேவா ஆறு பெருகி, அவருடைய ஆய்வுகூடத்து நாய்க்கொட்டிலுக்குள் வெள்ளம் புகுந்தது. கூண்டுக்குள் நீந்திக்கொண்டிருந்த நாய்களைக் கடைசி நேரத்தில் இழுத்து எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, காயமில்லை. ஆனால் நெடுநாள் பழகி ஊறிய பாடங்கள் சில நாய்களிடம் அப்படியே அழிந்து போயிருந்தன. பொறுமையாகத் திரும்பப் பழக்கினார்கள், மெல்ல மெல்ல வந்தன. பிறகு பாவ்லோவ் ஒரு காரியம் செய்து பார்த்தார். அப்படித் தேறிய நாய் ஒன்று இருந்த அறையில், கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார். தேறியதெல்லாம் மறுபடி போய்விட்டது.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து இறங்கியதற்குப் பிறகு, ஊவாவில் எத்தனை லயங்களில் மழை பலத்தால் மனிதர் படுக்கையில் எழுந்து உட்கார்கிறார்கள்! அவர்களைப் பார்த்து யாராவது திமிர் என்று சொல்வோமா?

ஆகவே, பயந்த நாயைக் காட்டோரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்திப் பயம் தெளிய வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது கதவுக்கடியில் தண்ணீர் விடுவதுதான். அது குந்தும் இடத்திலிருந்து பின்னுக்கு வாருங்கள், வால் தானாக இறங்கித் தளரும் தூரம் வரை. அங்கே நின்று கருவாட்டுத் துண்டோ ரொட்டித் துண்டோ கொடுத்து, விளையாட்டுக் காட்டி, அது சலிப்பதற்கு முன்னால் வீட்டுக்குத் திரும்புங்கள். அடுத்த நாள் அதே இடம். சில நாள் கழித்துப் பத்தடி முன்னால். தைரியமான இன்னொரு நாய் கூட வந்தால் வேலை சுலபம். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது சரியில்லை. நீங்கள் பதறாமல் பக்கத்தில் இருந்தால் அதற்குத் தெம்புதான். வாரக்கணக்கில் ஆகும். சில நாய்க்கு மாதக்கணக்கில். சில நாய் திரும்பவே திரும்பாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற வாசகர்களுக்காக இன்னும் சில காரணங்களைத் தொட்டுவிட்டுப் போகிறேன். வாடை பிடிப்பது திடீரென்று நின்றால் மூக்கைப் பாருங்கள். ஊற்றில் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் ஏறிக்கொண்ட அட்டை நாள்கணக்கில் அங்கேயே இருக்கும். தும்மலும், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தமும் அடையாளம். நாயைக் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு மூக்கருகே ஒரு தட்டில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்தால் அட்டை தலை நீட்டும். துணியால் பிடித்துக்கொள்ளலாம், பிடி நழுவினால் வைத்தியரிடம் போவதே மேல். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோம்பேறி மாதிரித் தெரியும், ஈறு வெளிறியிருக்கும். பெட்டை நாய் பருவம் வந்து இரண்டு மாதம் கழித்துப் பொய்ச்சினையில் செருப்பை இழுத்து வைத்துக்கொண்டு குட்டி போல் காவல் காக்கும், உறுமும். அது தானாகத் தெளியும். எட்டு மாதக் குட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் அது வயசுக் கோளாறு. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லூசி ஆஷர் என்பவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வயதில் நாய்கள் வேற்றாளின் பேச்சைக் கேட்டு, வளர்த்தவர் பேச்சை மட்டும் மீறுகின்றன என்று கண்டார். பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் நாய்க்குட்டி தருவித்து வளர்ப்பவர்கள், கூப்பிட்டால் வருவதில்லை என்று அடிப்பதற்கு முன்னால் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அந்த வெள்ளைச் சாதியில் பிறவிச் செவிடு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் நம் பக்கம் கச்சான் அடிக்கும்போது நாய் தடத்தை விட்டுத் தடுமாறினால் நாயில் குறையே இல்லாமல் இருக்கலாம். ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசனையைக் கொடுக்கும் அதே வறண்ட காற்று, மண்ணில் கிடக்கும் வாடையை ஈரத்தோடு சேர்த்து உலர்த்திவிடும்.

வேலை செய்யாத நாய்க்கு வெடி என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சில சமயம் யோசிப்பேன். காட்டு விலங்குகளைக் கொன்று தீர்ப்பதைப் பொழுதுபோக்காக இந்த மலைகளில் செய்து காட்டியவர்கள் துரைமார். பதுளைப் பரிசுத்த மாற்கு ஆலயத்தை மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் நினைவாகக் கட்டினார்கள். ஆயிரத்து நானூறு யானை சுட்டார் என்று சொல்லப்படுகிற மனிதர், 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து போனார். அடுத்த சில வருஷத்தில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தைவிட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்துவதை ஒரு புத்தகமாகவே எழுதினார். கில்பக், ஸ்மட் என்று ஒவ்வொரு நாயின் குணத்தையும் பிள்ளையைப்போல் விவரிப்பார். அதே புத்தகத்தில் நாய்கள் கொம்பிலும் பன்றிப் பல்லிலும் கிழிபட்டுச் சாகும் பக்கங்களும் நிறைய. நாய் செத்தால் வேறு நாயைத் தருவிக்க அவரிடம் பணம் இருந்தது.

இன்று சட்டமும் வேறு. 1937-ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரையைத் தொடுவது குற்றம், தேசியப் பூங்காவுக்குள் நாயோடு நுழைவதும் குற்றம். இதைத் தம்பிக்குச் சொல்லும்போது இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் வேலியில் கம்பி இருக்கிறதா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியில்? இருந்தால் நாயைப் பழக்குவதற்கு முன்னால் அதை அவிழ்த்துப் போடுங்கள். அவரிடமும் பேசுங்கள், நாயின் கழுத்தைக் காட்டியே பேசலாம்.

நாய் காட்டுக்குத் திரும்பாமலே போனாலும் உங்கள் கிழங்குக்கு அது உதவும். வேலிக்குள், பாத்திக்குப் பக்கத்தில் ஒரு சாக்குப் பந்தல் போட்டு அங்கே படுக்க வையுங்கள். அதன் மூக்கும் அந்தச் சத்தமும் அப்படியே இருக்கின்றன. அது குரல் கொடுக்கும்போது நீங்கள் டோர்ச்சோடு எழுந்து வந்தால், பெரும்பாலான ராத்திரிகளில் பன்றி வேறு பக்கம் போகும். துரத்திப் போய்க் கவ்வ வேண்டும் என்று கிழங்கு கேட்கவில்லை.

வைத்தியரிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள் தம்பி. அடுத்த இதழில் வாசகர்களின் நாய், மாடு, ஆடு பற்றிய கேள்விகளுக்கு மிருக வைத்தியர் ஒருவர் பதில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். கேள்வி அனுப்புகிறவர்கள் பிராணியின் வயது, கடைசியாக ஊசி போட்ட நாள், மாற்றம் தொடங்கிய நாள், அதற்கு முந்திய இரண்டு நாளில் நடந்தவை ஆகியவற்றை மறக்காமல் எழுதுங்கள். தபால் இருபதாம் தேதிக்குள் கையில் கிடைத்தால்தான் அச்சுக்குப் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்